நமக்குள் மட்டும்

நோட்டு முதல் தடவை திரும்பி வந்த அன்று வெர்னா அதைப் பயிற்சி அறையில் வைத்துப் பிரிக்கவில்லை. கோட்டுக்குள் செருகிக்கொண்டு, மழையில் ஓடி, காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் பிரித்தாள். நாற்பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதுவரை அவள் எழுதியதன் மேல் யாராவது ஏதாவது எழுதியிருந்தால் அது சிவப்பு மையில், திட்டாகத்தான் இருந்திருக்கிறது. இதில் பச்சை மை. கடைசிப் பக்கத்தின் அடியில், சாய்ந்த அழகான கையெழுத்தில்: 'வெர்னா, படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு எழுத வருகிறது. இன்னும் ஆழமாகப் போங்கள்.' உச்சி குளிர்ந்துவிட்டது அவளுக்கு. மூன்று தடவை படித்தாள். வீட்டுக்குப் போய், மீன் பொரிக்கிற சாக்கில் அடுப்படியில் நின்றுகொண்டு நான்காவது தடவையும் படித்தாள். கணவன் ஸ்டான் எட்டிப் பார்த்து, "என்ன அது, லவ் லெட்டரா?" என்றான். "ஆமா, வயசுப் பொண்ணு எழுதியிருக்கா" என்றாள் வெர்னா.

எழுதியவள் பெயர் கெல்சி. வயது முப்பத்தொன்று. மாகாணத் தலைநகர் விக்டோரியாவிலிருந்து இங்கே வடக்கே கடலோர ஊர் ரூப்பர்ட்டுக்கு வந்து, கம்பளக் கடைக்கு மேல் மாடியில் ஒன்பது மாதப் பயிற்சி நடத்துகிறவள். பத்தொன்பது வருஷம் வெர்னா நின்று வேலை பார்த்த மீன் ஆலையில் டப்பா அடைக்கிற பிரிவை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கமே செலவு செய்து வேறு தொழில் கற்றுக்கொடுத்தது. கனரக வண்டி ஓட்டலாம், கணினி படிக்கலாம், இல்லையென்றால் சமூக உதவிப் பணியாளர் ஆகலாம். தனியாகச் சமாளிக்க முடியாதவர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் தாங்களாகவே வாழ்வதற்கு எந்த அளவு கை கொடுக்க வேண்டுமோ அந்த அளவு மட்டும் கொடுக்கிற வேலை. அம்மாவைப் படுக்கையில் ஏழு வருஷம் பார்த்துக்கொண்டவளுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் வெர்னா விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தாள். போன பிறகுதான் தெரிந்தது, கற்பதற்கு ஒரு வண்டி இருக்கிறது, அதில் பாதி எதையெல்லாம் செய்யக் கூடாது என்பது.

உதவி பெறுகிறவரோடு சிநேகம் வைக்கக் கூடாது. பரிசு வாங்கக் கூடாது. சொந்தக் கதை பேசக் கூடாது. பன்னிரண்டாயிரம் பேர் இருக்கிற ஊரில் இதையெல்லாம் ஒரு விக்டோரியாக்காரி பலகையில் எழுதிப் போட்டால் சிரிக்காமல் என்ன செய்வது? "மிஸ், அவரோட தங்கச்சி என் மச்சானக் கட்டியிருந்தா?" என்று வெர்னா கேட்டாள். அறையே சிரித்தது. கெல்சியும் சிரித்தாள். "மிஸ் வேண்டாம், கெல்சின்னு கூப்பிடுங்க" என்றாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாத்தியார்தான். யாரையும் முட்டாள் என்று உணரவிட மாட்டாள். மழை நாளில் சீக்கிரம் வந்து எல்லோருக்கும் காபி போட்டு வைப்பாள். அவளை வெறுக்க எந்தக் காரணமும் அன்றைக்கு இல்லை.

இரண்டு நோட்டுகள். ஒன்று உதவி பெறுகிறவர் வீட்டிலேயே இருக்கும் பதிவேடு. அதில் கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். 'சோகமாக இருந்தார்' என்று எழுதக் கூடாது, 'அழுதார்' என்று எழுதலாம். இன்னொன்று மாணவிகள் வாராவாரம் எழுதித் தர வேண்டிய மனப்பதிவு நோட்டு. அதில் நேர்மாறாக, மனசில் ஓடியதையெல்லாம் கொட்ட வேண்டும். நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அதற்கு. "உதவி பெறுகிறவர் பேரை எழுதாதீங்க, ஒரு எழுத்து போதும். இத நான் ஒருத்திதான் படிப்பேன். இதுல எழுதறது நமக்குள்ள மட்டும்தான்" என்று முதல் நாளே கெல்சி கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். அன்றைக்கே பதினொரு தாள்களில் கையெழுத்தும் வாங்கினாள். யார் அதையெல்லாம் படித்தார்கள்.

களப்பயிற்சிக்கு வெர்னாவை டெல்பர்ட்டிடம் அனுப்பினார்கள். பழைய ஹோட்டல் ஒன்றைப் பதினாறு சின்ன வீடுகளாக மாற்றியிருந்தார்கள். நோரீன் என்ற பெண்மணி அதற்கு மேலாளர். அதில் டெல்பர்ட்டின் வீடு இரண்டாம் மாடி, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல். டெல்பர்ட்டுக்கு அறுபத்து மூன்று. பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. இடது கையில் தடி. பேச்சு வந்துவிட்டது, ஆனால் சில சொற்கள் இடம் மாறிக்கொண்டன. உப்பு வேண்டும் என்றால் சோப்பு என்பார். அதற்காகவே நோரீன் சொல்லி, வெர்னா அட்டைகள் வெட்டி, கறுப்புப் பேனாவில் பெரிதாக உப்பு, சர்க்கரை, காபி, கரண்டி என்று எழுதி அலமாரி பூராவும் ஒட்டினாள். வாராவாரம் கடைக்குப் போக வேண்டிய சாமான் பட்டியலும் அவள் கையெழுத்துதான்.

முதல் நாள் கதவைத் திறந்ததுமே அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மூணாவது லைன்ல நின்னவ இல்ல? கத்திய எவன் தொட்டாலும் சண்டைக்கு வருவியே."

"நீங்க குளிர்க்கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினவரு. எங்க கால் மேல ஏத்தாத குறை."

"ஏத்தல இல்ல? அந்த நன்றியாவது இருக்கட்டும்" என்றார் டெல்பர்ட்; ஆலையில் எல்லோருக்கும் அவர் டெல்தான். அதற்கப்புறம் சிநேகம் வைக்கக் கூடாது என்றால் எப்படி வைக்காமல் இருப்பது. பத்தொன்பது வருஷம் ஒரே சங்குக்கு எழுந்து, ஒரே நாற்றத்தோடு வீட்டுக்குப் போனவர்கள். அவர் அவளை 'கவர்மெண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார். 'வந்துட்டாம்மா கவர்மெண்டு, எல்லாரும் முதுக நிமித்துங்க' என்பார், அறையில் அவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஓட்ஸ் கஞ்சியை அவரே ஒற்றைக் கையால் கிண்டுவார், அவள் பாத்திரத்தை மட்டும் பிடித்துக்கொள்வாள். செய்து கொடுக்காதே, செய்ய விடு. பயிற்சியில் கற்றதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான்.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, அவள் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. டெல்லின் முழங்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. குளியலறைத் திரை கொக்கியோடு பிய்ந்து தொங்கியது. அவள் கேட்கவில்லை. கெட்டிலை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவராகவே சொன்னார். ஒரு மாசத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை உடனே எழுந்துவிட்டார். நேற்று மாலை அப்படி முடியவில்லை, எழ வெகுநேரம் ஆயிற்று.

"தரையில கெடந்தேன். ரேடியோ அங்க ஓடுது, என்னால நிறுத்தவும் முடியல. கடல் வானிலை நாலு தடவ கேட்டேன், வெர்னா. அத்தன படகுக்கும் எச்சரிக்கை சொல்றான். குளியலறையில கெடக்கறவனுக்கு ஒரு வார்த்த சொன்னானா பாரு."

அவள் சிரித்தாள். அப்புறம் சிரித்ததற்காக வெட்கப்பட்டாள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் தடியைக் கீழே வைக்கவில்லை.

"எழுதாத" என்றார்.

"எழுதாம இருக்க முடியாது, டெல்."

"எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். ரெண்டு தடவ விழுந்தவன இங்க வெச்சிக்க மாட்டாங்க. இங்க இருக்கற முதியோர் இல்லத்துல எடம் இல்ல. கடல விட்டு உள்ள தள்ளி இருக்கற டெரஸ் ஊருக்குத்தான் அனுப்புவாங்க. அங்க எனக்கு யாரத் தெரியும்? ஜன்னலத் தெறந்தா மலையும் பார்க்கிங்கும். நான் இந்தத் தண்ணியப் பாக்காம ஒரு நாள் இருந்ததில்ல." பிறகு அவருடைய பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "கண்ணால பாத்ததத்தான எழுதணும்? நான் விழுந்தத நீ பாத்தியா?"

வெர்னா பதிலுக்கு நிபந்தனைகள் போட்டாள். குளிக்கும்போது உட்கார ஒரு நாற்காலி. தரையில் ரப்பர் விரிப்பு. கழுத்தில் கயிறு கட்டிய போன், தூங்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. குளியல் இனி காலையில், அவள் வந்த பிறகு, அவள் கதவுக்கு வெளியே நிற்கும்போது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நமக்குள்ள மட்டும்" என்றார் டெல். "நமக்குள்ள மட்டும்" என்றாள் வெர்னா. அன்றைய பதிவேட்டில் எழுதினாள்: முழங்கையில் காயம், பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்கப்பட்டது. குளியலறை விரிப்பு மாற்றப்பட்டது. ஓட்ஸ் சாப்பிட்டார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அடுத்த மூன்று வாரம் அவர் விழவும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் மனப்பதிவு நோட்டுக்குக் கெல்சி கொடுத்த தலைப்பு, 'உங்களை இரண்டாகக் கிழித்த ஒரு தருணம்.' அதற்கு முந்தைய வாரம் வெர்னாவின் நோட்டில் பச்சை மை ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தது: 'இது கொஞ்சம் மேலோட்டமாக இல்லையா?' அந்த வரி அவளை நான்கு நாள் குடைந்தது. பக்கத்து இருக்கை ட்ரேசிக்கு ஒரு பக்கம் நிறைய பச்சை. இவளுக்கு ஒரு வரி. வயசான காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பொறாமைப்படுகிறோமே என்று தன்னையே வைதுகொண்டாள், பொறாமை போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். எழுந்தபோது ஆறு பக்கம் ஆகியிருந்தது. டெல்பர்ட் என்று எழுதவில்லை, 'டி' என்றுகூட எழுதவில்லை, புத்திசாலித்தனமாக 'எம்' என்று மாற்றினாள். அவளுக்கு இருப்பதே ஒரே ஒரு ஆள், அந்த ஆளிடம் அவளை அனுப்பியதே கெல்சி என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் எழுதியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். நமக்குள் மட்டும் என்று சொன்னவள் அல்லவா. கத்தரிக்காய் நிற முழங்கை, பிய்ந்த திரை, கீழே வைக்காத தடி, எல்லாம் போட்டாள். கடல் வானிலை நான்கு தடவை ஓடியதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடவே, இது நல்லா வந்திருக்கு என்ற ஒரு சந்தோஷமும் உள்ளே ஓடியது. அந்தச் சந்தோஷத்தைப் பிறகு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

நோட்டு திரும்பி வந்தது. முப்பதுக்கு முப்பது. கடைசிப் பக்கம் முழுவதும் பச்சை. ஓரங்களிலும் பச்சை. 'இந்த வரி! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.' 'என்னை நம்பி இதை எழுதியதற்கு நன்றி, வெர்னா.' ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை. டெல்லுக்கு சால்மன் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அது விதிக்குப் புறம்பு. "என்ன கவர்மெண்டு, தேர்தல் வருதா?" என்றார் டெல், இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு.

அடுத்த திங்கட்கிழமை நோரீன் கூட்டத்துக்கு அழைத்தாள். டெல்பர்ட்டின் நலன் குறித்த கூட்டம், பயிற்சி மாணவியும் வரலாம், கற்றுக்கொள்ள உதவும். ஆறு மாதத்துக்கொரு தடவை நடக்கிற வழக்கமான கூட்டம் என்றுதான் வெர்னா நினைத்தாள். டெல்லும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தேய்த்த சட்டை போட்டு, எல்லாப் பட்டன்களையும் இடது கையாலேயே மாட்டியிருந்தார். "இருபது நிமிஷம்" என்று அவளிடம் கிசுகிசுத்தார், பட்டன்களைக் காட்டி. பொது அறையில் வட்ட மேஜை. நோரீன், சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ், கெல்சி. நடுவில் தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி. கெல்சியைப் பார்த்ததும் வெர்னாவுக்கு முதலில் வந்தது பெருமை. என்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

நோரீன் ஆளுக்கொரு தாள் கட்டு தள்ளினாள். வெர்னா மேல் தாளைப் புரட்டினாள், இரண்டாவதையும் புரட்டினாள், மூன்றாவது தாளில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

மிச்சத்தையும் புரட்டினாள். ஆறு பக்கமும் இருந்தன. அவள் டெல்லைப் பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் படிப்பது மெதுவாகத்தான். விரலை வரியின் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக. அந்த விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. தினமும் காலையில் அலமாரியைத் திறந்து உப்பு எது சர்க்கரை எது என்று அந்தக் கையெழுத்தில் படிக்கிற மனிதர். யார் எழுதியது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் விடாமல் படித்தார். நோரீன் ஏதோ பேச வாயெடுத்தாள், நர்ஸ் அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். ஆறு பக்கம். அந்த அறையில் எல்லோரும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடித்ததும் அவர் நோரீனைப் பார்த்துத்தான் பேசினார். வெர்னா பக்கம் திரும்பவில்லை.

"வானிலை நாலு தடவ இல்ல. ரெண்டு தடவதான்" என்றார். "பேச்சு சுவாரசியத்துக்காகக் கூட்டிச் சொன்னேன். அதத் திருத்திக்கோங்க."

நோரீன் மென்மையாகப் பேசினாள். நர்ஸும் மென்மையாகப் பேசினாள். அந்த மென்மையில் எல்லாம் முடிவாகிவிட்டது தெரிந்தது. டெரஸில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது, வேண்டாம் என்றால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, இந்த வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. டெல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், "நாற்காலி போட்டாச்சு, விரிப்பு போட்டாச்சு, மூணு வாரமா அவர் விழல" என்று வெர்னா குறுக்கே சொன்னாள். "அது பதிவேட்டுல இல்லையே, வெர்னா" என்றாள் நோரீன். பதிவேட்டில் எழுதாதது நடக்காதது. விழவில்லை என்பதை யார் எழுதுவார்கள்.

கூட்டம் முடிந்து கெல்சி மாடிப்படியில் இறங்கும்போது வெர்னா பின்னாலேயே போய் மறித்தாள்.

"நமக்குள்ள மட்டும்னீங்க."

"வெர்னா, எனக்கும் இது கஷ்டமாத்தான் இருந்துது. ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லியே ஆகணும். அது சட்டம். முதல் நாள் நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயும் இருக்கு."

"என்னக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நானே போய் அவர்கிட்டச் சொல்லியிருப்பேன். அவரயே பேசவிட்டிருப்பேன். செய்ய விடுன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதான?"

"சொல்லியிருந்தா நீங்க அவருக்கு முன்னாடியே தெரிவிச்சிருப்பீங்க" என்றாள் கெல்சி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பதிவேட்டுல மறைச்சதுக்கு உங்களப் பயிற்சியிலருந்தே நீக்கியிருக்கலாம், தெரியுமா? நான்தான் நோரீன்கிட்டப் பேசினேன். இவ்வளவு நேர்மையா எழுதற ஒருத்தங்களை விட்டுடாதீங்கன்னு சொன்னேன். அவங்க உங்களுக்கு வேலையே குடுக்கறதா இருக்காங்க" என்றாள். உண்மையாகவே நல்ல சேதி சொல்கிற முகம்.

அப்போதுதான் வெர்னாவுக்கு இன்னொன்று உறைத்தது. கையில் சுருட்டி வைத்திருந்த தாள்களைப் பிரித்தாள். ஆறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. எங்கேயும் ஒரு குறிப்பு இல்லை. அவள் நோட்டில் அந்த ஓரம் முழுக்கப் பச்சை.

"நகல் எடுத்ததுக்கு அப்புறம்தான் எழுதியிருக்க" என்றாள்.

"என்ன?"

"மூச்சப் புடிச்சிக்கிட்டேன், நம்பினதுக்கு நன்றி, அதெல்லாம். முதல்ல மிஷின்ல நகல் எடுத்து நோரீனுக்குத் தனியா வெச்சிட்டு, அப்புறம் உக்காந்து எனக்கு நன்றி எழுதியிருக்க."

கெல்சியின் முகம் சிவந்தது. "ரெண்டுமே உண்மைதான்" என்றாள். அதுவும் பொய்யாக இருந்திருக்காது. அதுதான் வெர்னாவை இன்னும் எரித்தது. ஒரு கையால் முதுகைத் தடவிக்கொண்டே இன்னொரு கையால் குத்த முடிந்தவளை என்ன சொல்லித் திட்டுவது? மீன் ஆலையில் என்றால் கெட்ட வார்த்தையில் நாலு கேட்டுவிட்டு, மறுநாள் பக்கத்தில் நின்று வேலை பார்க்கலாம். இவளை அப்படித் திட்டக்கூட முடியவில்லை.

வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டான் என்ன என்று கேட்டதற்கு, "என்னய ஏமாத்திட்டாப்பா" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள், இதே வார்த்தையை இந்த நேரம் இரண்டாம் மாடியில் ஒருவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார் என்பது தெரிந்தது. கெல்சிக்காவது சட்டம் இருந்தது. தனக்கு என்ன இருந்தது? பக்கம் நிறையப் பச்சை மை வேண்டியிருந்தது. அதற்காக அவருடைய குளியலறைத் தரையை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பெயரை மாற்றி, சுவைகூட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இரண்டு தடவை அவர் வீட்டுக் கதவு மணியை அடித்துப் பார்த்தாள். உள்ளே ரேடியோ கேட்டது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நோரீன் வேறு ஒரு பையனை அனுப்பினாள். கிளம்புகிற நாளுக்கு முந்தைய தினம் நோரீன் போன் செய்தாள். டெரஸ் வரைக்கும் துணைக்கு ஆள் வேண்டும், அவரிடம் கேட்டதற்கு 'எவ வந்தா என்ன' என்று சொல்லிவிட்டார், போகிறாயா, அந்த மணிநேரங்கள் பயிற்சியில் சேரும். போகிறேன் என்றாள் வெர்னா. மணிநேரத்துக்காக இல்லை. ஆனால் அதை யாரிடம் சொல்லி நிரூபிப்பது.

மறுநாள் வண்டியில் டிரைவர் முன்னால். பின்னால் டெல்லும் அவளும், நடுவில் ஒரு அட்டைப் பெட்டி. இரண்டு பெட்டி வண்டியின் பின்பக்கம் இருந்தது. அறுபத்து மூன்று வருஷத்துக்கு மூன்று பெட்டி. ஊரைத் தாண்டுகிற வரை டெல் இடப்பக்கம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். துறைமுகம் மறைந்து, ஸ்கீனா ஆறு கூடவே வரத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. வெர்னா மூன்று தடவை பேச ஆரம்பித்தாள். "டெல், நான்" என்பதற்கு மேல் வரவில்லை. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பயிற்சியில் ஒரு முழு நாள் பாடம் இருந்தது. அந்த வாக்கியங்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றைக்கூட இந்த மனிதரிடம் சொல்லக் கூசியது.

பாதி வழியில் டெல் டிரைவரின் இருக்கையைத் தடியால் தட்டினார். "நிறுத்துப்பா. போகணும்."

ஆற்றோரம் லாரிகள் நிற்கிற ஓர் இடம். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்டவாளம். இந்தப் பக்கம் மரங்களை ஒட்டி மரப்பலகைக் கழிப்பறை ஒன்று. வண்டியிலிருந்து அங்கே போக முப்பது நாற்பது அடி சரளைக்கல். மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் போனை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்துவிட்டான். வெர்னா சுற்றி வந்து கதவைத் திறந்து, கற்றுக்கொடுத்தபடி அவருடைய வலப்பக்கம் அரை அடி பின்னால் நின்று, இடுப்புப் பட்டையருகே கையை வைத்தாள். அவர் ஊன்றி எழுந்தார். நிமிர்ந்து நின்று, அந்தக் கையைப் பார்த்தார்.

"எடு" என்றார். நான்கு வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"சரளை ஈரமா இருக்கு, டெல். வாசல் வரைக்கும் மட்டும்."

"வராத. இங்கயே நில்லு. அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

"நான் பாத்துக்கிட்டாவது..."

"பாக்காத" என்றார் டெல். கோபமாகச் சொல்லவில்லை. "பாத்தா எழுதுவ."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள், அதில் எதுவும் இல்லை, காத்திருப்பது மட்டும் இருந்தது. அவள் திரும்பி ஆற்றைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் தடி சரளையில் குத்தியது. ஒரு கால் ஊன்றியது. இன்னொரு கால் இழுத்துக்கொண்டு வந்தது. தடி, கால், இழுப்பு. அவர் நகர நகரச் சத்தம் சன்னமாயிற்று. ஐந்து. ஆறு. ஏழாவது இழுப்பு கொஞ்சம் நீண்டது, நின்றது. மறுபடி தடி குத்தியது. எட்டு. மேற்கே கடல் பக்கத்திலிருந்து ஒரு ஊதல் கேட்டது. சரக்கு ரயில், கன்டெய்னர் மேல் கன்டெய்னராக அடுக்கிக்கொண்டு, வளைவில் திரும்பி வந்தது. தரை அதிர்ந்தது. என்ஜின் அவளைக் கடந்ததும் உலகத்தில் வேறு சத்தமே இல்லாமல் போயிற்று. தடி இல்லை, சரளை இல்லை, யாராவது கூப்பிட்டாலும் கேட்காது. பதினைந்தா இருபதா, எத்தனை அடி போயிருப்பார் என்று தெரியவில்லை. நின்று இளைப்பாறுகிறாரா, கதவைப் பிடித்துவிட்டாரா, கீழே கிடக்கிறாரா.

வெர்னா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்து இறுக்கிக்கொண்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். முகத்தில் மழை அடித்தது. சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன, கடைசிப் பெட்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் திரும்பாமல் நின்றாள்.